ஹால்மோனி பிரித்து வைத்த புரிட்டோ

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் செய்த புரிட்டோ ஒன்றை எதிர்வீட்டுக் கொரியப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுனில், ஒலிம்பிக் சாலைக்குச் சற்று வடக்கே, பழைய அடுக்ககம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அவரை நான் ஹால்மோனி என்றுதான் கூப்பிடுவேன். கொரிய மொழியில் பாட்டி என்று பொருள். பேரன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. வருடா வருடம் குளிர்காலத் தொடக்கத்தில் அவர்கள் குடும்பமே கூடி உட்கார்ந்து, முட்டைக்கோஸில் உப்பும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கிம்ச்சி போடும். அதில் ஒரு டப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, திருப்பி ஒன்றும் கொடுத்ததில்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு. அதனால் அந்த டப்பாவில் இருந்த கிம்ச்சியையே எடுத்து, கொரியப் பாணியில் வாட்டிய மாட்டிறைச்சியும் சோறும் சேர்த்து, டோர்ட்டியா என்கிற பெரிய மெக்சிகோ ரொட்டியில் சுருட்டி, ஃபாயிலில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஹால்மோனி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னையும் உட்காரச் சொல்லிவிட்டு ஃபாயிலைப் பிரித்தார். அப்புறம் டோர்ட்டியாவையும் பிரித்தார். மடிப்பை மெதுவாக விரித்து, சாப்பாட்டுக் குச்சிகளால் இறைச்சியைத் தட்டின் ஒரு பக்கமும், சோற்றை ஒரு பக்கமும், கிம்ச்சியை ஒரு பக்கமுமாக ஒதுக்கினார். டோர்ட்டியாவை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, அதில் கொஞ்சம் இறைச்சி, கொஞ்சம் சோறு, ஒரு துண்டு கிம்ச்சி வைத்து மடித்து, ஒரே வாயில் போட்டுக்கொண்டார். மீதியையும் அப்படியேதான் சாப்பிட்டார். "இறைச்சி நன்றாக இருக்கிறது" என்றார். பேரன் மொழிபெயர்த்தான். கிம்ச்சியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அரை நாள் நின்று சேர்த்து வைத்ததை ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, தனக்கு வேண்டியபடி மறுபடி சேர்த்துச் சாப்பிட்டார் என்றால், நான் சேர்த்த விதத்தில் எங்கே குறை? அவர் கிழித்து மடித்த அந்தச் சின்னச் சின்னப் பொட்டலங்கள், நான் சுருட்டிய பெரிய பொட்டலத்தைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. நாலு மாதம் இந்தக் கேள்வியோடு இருந்தேன்.

வண்டிக்கு முன்னால்

கொரிய மெக்சிகோச் சேர்க்கை என்றால் எல்லோரும் கோகி வண்டியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். அது சரிதான். 2008 நவம்பரில் மார்க் மங்கேரா, கரோலின் ஷின்-மங்கேரா, சமையற்காரர் ராய் சோய் ஆகியோர் சேர்ந்து, இன்றைக்கு எந்தத் தெருவில் நிற்போம் என்று ட்விட்டரில் சொல்லிச் சொல்லி, கால்பி என்கிற ஊறவைத்து வாட்டிய விலா இறைச்சியைச் சின்ன டோர்ட்டியாவில் வைத்த டாக்கோவை இந்த ஊர்த் தெருக்களில் விற்கத் தொடங்கினார்கள். கோகி என்றால் கொரிய மொழியில் இறைச்சி. நான் அதை முதலில் சாப்பிட்டது ஒரு கார் நிறுத்துமிடத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு, நின்றுகொண்டே. இறைச்சியின் இனிப்பும் கருகலும் முதலில் வந்தன. பின்னாலேயே முட்டைக்கோஸின் நறுக்கும் எலுமிச்சைப் புளிப்பும் வந்தன. அதைத் திரும்ப வீட்டில் கொண்டுவர வேண்டும் என்கிற ஆசைதான் இத்தனை வருடமாக என்னை அடுப்படியில் நிறுத்துகிறது.

ஆனால் இந்தப் பகுதியில் குடிவந்த பிறகு, கதை அந்த வண்டியிலிருந்து தொடங்கியதாக எனக்குத் தோன்றுவதில்லை. பெயர்தான் கொரியாடவுன். இங்கே குடியிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒலிம்பிக் சாலையில் கெலகெட்ஸா என்கிற, மெக்சிகோவின் ஓவஹாகா மாநிலத்துச் சமையல் செய்யும் உணவகம் இருக்கிறது. மோலே என்கிற கெட்டி மிளகாய்க் குழம்புக்குப் பேர்போன இடம். அந்தக் கட்டடத்தின் கூரையைப் பார்த்தால் கொரியக் கோயில் கூரை மாதிரி விளிம்புகள் மேலே வளைந்திருக்கும். காரணம் உண்டு. 1971இல் ஒலிம்பிக் மார்க்கெட் என்கிற மளிகைக் கடையைத் திறந்து இந்தப் பகுதியைக் கொரியர்களின் இடமாக்கியவர் ஹி டக் லீ. அவர் 1975இல் அந்தக் கட்டடத்தை விஐபி பேலஸ் என்கிற கொரிய உணவகமாகக் கட்டினார். கூரை ஓடுகளைக் கொரியாவிலிருந்தே வரவழைத்தார். இன்றைக்கு அந்த ஓடுகளுக்குக் கீழே மெக்சிகோக் குடும்பம் ஒன்று மோலே பரிமாறுகிறது. ஒவ்வொரு முறை அந்த வழியாகப் போகும்போதும் நான் அண்ணாந்து பார்ப்பேன்.

எங்கள் கீழ்வீட்டுக்காரர் மெக்சிகோவில் புவெப்லாவைச் சேர்ந்தவர். கொரிய இறைச்சி உணவகம் ஒன்றின் சமையலறையில் பதினெட்டு வருடமாகக் கால்பி ஊறவைக்கிறார். இந்த ஊரின் கொரிய உணவகங்களில் மேசைக்கு வரும் இறைச்சியில் எவ்வளவோ, அவரைப் போன்றவர்களின் கையால் வெட்டப்பட்டு ஊறவைக்கப்பட்டதுதான். ராத்திரி வேலை முடிந்து வந்து அவர் தனக்குச் செய்துகொள்வது என்ன தெரியுமா? பன்றிக் கொழுப்பில் கிம்ச்சியை நன்றாக வதக்கி, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, டோர்ட்டியாவில் வைத்து மடித்துச் சாப்பிடுவார். அதற்கு என்ன பெயர் என்று ஒருமுறை கேட்டேன். "பெயரா? சாப்பாடு" என்றார்.

என் அலுவலக நண்பர் ஒருவருக்கு இந்தச் சேர்க்கைகள் மீது பெரிய கோபம் உண்டு. இரண்டு சமையலையும் ஒரே நேரத்தில் கெடுக்கிற வேலை என்பார். கொரியாவுக்கும் மெக்சிகோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார். முன்பெல்லாம் நான் மிளகாயைச் சொல்லி வாதாடுவேன். மிளகாய் மெக்சிகோ மண்ணில் விளைந்து பழகியது. கடல் கடந்து பல கை மாறித்தான் கொரியாவுக்குப் போனது. 1614இல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூலில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அந்த மிளகாய் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் பார்க்கிற சிவப்புக் கிம்ச்சியும் இல்லை, கோச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுதும் இல்லை. மனிதர்களும் போயிருக்கிறார்கள். 1905இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் கப்பலேறி மெக்சிகோவின் யுகடானுக்கு, கற்றாழை நார்த் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனார்கள். இதையெல்லாம் சொல்லி நண்பரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் ஹால்மோனி என் புரிட்டோவைப் பிரித்து வைத்த பிறகு அப்படி வாதாட மனம் வரவில்லை. சரித்திரம் எவ்வளவு நியாயம் சொன்னாலும், தட்டில் இருப்பது சரியாக இல்லை என்றால் நண்பர் சொல்வதில் பாதி உண்மைதானே?

அந்தப் புரிட்டோவில் என்ன இருந்தது

இப்போது யோசித்தால், அன்றைக்கு நான் பொருள்களை அவற்றின் பிறப்பிடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கொரியா தெரிய வேண்டும் என்று கிம்ச்சி, கோச்சுஜாங், எள். மெக்சிகோ தெரிய வேண்டும் என்று கருப்பு பீன்ஸ், அவகாடோ, சல்சா, சீஸ். எதையும் விட மனமில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய குவியல் சோறு.

கிம்ச்சியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, சாறு சொட்டச் சொட்ட நறுக்கிப் போட்டேன். அதுதான் பெரிய தப்பு. முட்டைக்கோஸ் பெரும்பகுதி தண்ணீர். உப்பில் கிடந்து புளித்தபின் அந்தத் தண்ணீரெல்லாம் வெளியே வரத் தயாராக இருக்கும். கிண்ணத்தில் தனியாக வைத்தால் அது அழகு. கோதுமை டோர்ட்டியாவுக்குள் அடைத்தால் பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் கூழாகிவிடும். அதோடு அது குளிர்ந்து கிடந்தது. சூடான இறைச்சிக்கு நடுவில் சில்லென்று ஒரு திட்டு. ஹால்மோனி தன் கையால் போட்ட கிம்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவருடைய உழைப்பை வாங்கி, அதைக் கெடுத்து, அவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

இறைச்சி ருசியாகத்தான் இருந்தது. ஆனால் நீள நீளத் துண்டுகள். ஒரு பக்கம் கடித்து இழுத்தால் உள்ளே இருக்கிற துண்டு முழுவதும் பல்லோடு வந்துவிடும். அடுத்த வாயில் இறைச்சியே இருக்காது. கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு நாள் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "கொத்தவில்லையா?" என்றார். டாக்கோவுக்கும் புரிட்டோவுக்கும் வாட்டிய இறைச்சியைப் பலகையில் போட்டுப் பொடியாகக் கொத்துவார்கள். தெருவோர டாக்கோக் கடைகளில் அந்தக் கத்திச் சத்தத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். எதற்காகக் கொத்துகிறார்கள் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

ஒரு கவளம்

ஜூன் மாதம் ஹால்மோனியின் பேரன் பள்ளிப் படிப்பை முடித்தான். அதற்காக வீட்டில் கால்பி செய்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். எல்.ஏ. கால்பி என்று இந்த ஊர்ப் பெயரையே தாங்கிய வெட்டு அது. விலா எலும்புக்குக் குறுக்கே மெல்லிசாக அறுத்திருப்பார்கள். ஒரு பட்டையில் மூன்று சின்ன எலும்பு வட்டங்கள் தெரியும். மேசை நடுவில் அடுப்பு. சுற்றிலும் பன்சான் என்கிற தொடுகறிக் கிண்ணங்கள். ஒரு தட்டு நிறைய லெட்யூஸ் இலைகளும் கென்னிப் என்கிற பெரில்லா இலைகளும். மருமகள் கத்திரிக்கோலால் இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

நான் இலையில் இறைச்சி வைத்து மடித்துச் சாப்பிடும் ஸாமை உணவகங்களில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்றைக்குப் பேசிக்கொண்டே இறைச்சியைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹால்மோனி ஒரு லெட்யூஸ் இலையை உள்ளங்கையில் விரித்தார். அதன்மேல் ஒரு பெரில்லா இலை. விரல்நுனி அளவு சோறு. கருகிய ஓரமுள்ள இறைச்சித் துண்டாகத் தேடி ஒன்று. அதை ஸாம்ஜாங் என்கிற புளித்த சோயா விழுதில் லேசாகத் தொட்டுத்தான் வைத்தார். கல்லின் ஓரத்தில் இறைச்சிக் கொழுப்பில் வதங்கிக்கொண்டிருந்த கிம்ச்சியில் ஒரு துண்டு. மெல்லிய பூண்டு வில்லை ஒன்று. நான்கு பக்கமும் மடித்து உருண்டையாக்கி, மேசைக்கு மேலே எட்டி என் வாய்க்கு நேராக நீட்டினார். "ஆ" என்றார். அதற்குப் பேரன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வாயைத் திறந்தேன். ஊட்டிவிட்டார். அதைக் கடித்துக் கடித்துச் சாப்பிட முடியாது. முழுசாக ஒரே வாயில் போக வேண்டும். முதலில் இலையின் குளிர்ச்சியும் நறுக்கும், அதைக் கடித்தவுடன் பெரில்லாவின் வாசனை, அப்புறம் இறைச்சியின் இனிப்பு, நடுவில் எங்கோ பூண்டின் காரம், கிம்ச்சியின் புளிப்பு, கடைசியில் அடங்கிப்போய்ச் சோறு. பேச முடியாமல் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தபோது பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது. அவர் அன்றைக்கு என் புரிட்டோவை ஒதுக்கவில்லை. அதில் இருந்ததை வைத்துக் கவளம் கட்டிச் சாப்பிட்டார். கொரிய மேசையில் எல்லாம் தனித்தனியாகத்தான் இருக்கும். எது எவ்வளவு, எதோடு எது என்று ஒவ்வொரு வாய்க்கும் சாப்பிடுகிறவரே தீர்மானிப்பார். பிரியம் மிகுந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்காக ஒரு கவளத்தை இன்னொருவர் கட்டுவார்.

புரிட்டோவில் அந்த வசதி சாப்பிடுகிறவருக்குக் கிடையாது. சுருட்டி மூடியாயிற்று. முதல் வாயில் என்ன வரும், ஏழாவது வாயில் என்ன வரும், கடைசி வாயில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் சமைத்தவர் முன்கூட்டியே எடுத்த முடிவு. ஒரு பெரிய புரிட்டோவில் பதினைந்து வாய் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது இன்னொருவருக்காகக் கட்டிய பதினைந்து கவளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது. நான் அதில் ஒரு கவளத்தைப் பற்றிக்கூட யோசித்ததில்லை. ஒரு நாட்டுக்கு இத்தனை பொருள், இன்னொரு நாட்டுக்கு இத்தனை பொருள் என்று அள்ளிப்போட்டு மூடியிருந்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்து, ஹால்மோனி என் வாயில் வைத்ததில் என்னென்ன இருந்தன, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்தது என்று எழுதி வைத்தேன். கொழுப்பும் இனிப்பும் இறைச்சியின் வேலை. புளிப்பு கிம்ச்சி. உப்பும் ஆழமும் ஸாம்ஜாங். பச்சையான நறுக்கு இலை. காரம் பூண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற பசை சோறு. என் புரிட்டோவிலிருந்து கருப்பு பீன்ஸை நீக்கினேன், அவகாடோவையும் நீக்கினேன். இரண்டும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் அவை செய்யக்கூடிய வேலையை இறைச்சிக் கொழுப்பும் சோறும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன.

மறுபடி அடுப்படிக்கு

சமையலை இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். நான்கு புரிட்டோவுக்கு முக்கால் கிலோ மாட்டிறைச்சி. கொரியக் கடைகளில் புல்கோகி என்கிற வாட்டிய இறைச்சிக்கென்று காகிதம் போல் சீவி வைத்திருப்பார்கள், அதுவே போதும். முழுத்துண்டாக வாங்கினால் ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, கொஞ்சம் இறுகியபின் நாருக்குக் குறுக்கே சீவ வேண்டும். ஊறவைக்க சோயா சாஸ் ஆறு தேக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை இரண்டரைத் தேக்கரண்டி, ஐந்து பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, மிளகுத்தூள், வறுத்த எள்ளில் எடுத்த கொரிய எண்ணெய் ஒரு தேக்கரண்டி, பாதிக் கொரியப் பேரிக்காயின் துருவல். இங்கே நான் தேக்கரண்டி என்பது பதினைந்து மில்லி பிடிக்கிற பெரிய கரண்டியை. பேரிக்காய் இனிப்புக்கு மட்டுமல்ல. அதில் இருக்கும் நொதி இறைச்சியை மிருதுவாக்கும். பேரிக்காய் கிடைக்காத நாளில் கிவி போடலாம், ஆனால் அதன் நொதி ரொம்பக் கடுமை. ஒரு தடவை கிவியோடு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மாவு மாதிரி ஆன இறைச்சியைக் கொட்டினேன். கிவி என்றால் ஒரே ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம். பேரிக்காய்க்கு மூன்று மணி நேரம் சரியாக வருகிறது.

வாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். சாறோடு அள்ளிப் போட்டால் இறைச்சி வேகும், வறுபடாது. வடிதட்டில் போட்டு நன்றாக வடியவிட்டு, இரும்பு வாணலி புகையத் தொடங்கும்போது கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். போட்டபின் ஒரு நிமிடம் கிளறக் கூடாது. சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் நிறம் பிடிக்கும். கருகலுக்கும் கரிக்கும் இடையே சில நொடிதான் இடைவெளி. பக்கத்திலேயே நிற்க வேண்டும். வடித்த சாற்றைத் தனியாக, கொதிக்கக் கொதிக்கச் சுண்டவைத்துப் பாகு பதத்தில் எடுத்துக்கொள்வேன். பச்சை இறைச்சி கிடந்த சாறு, அதனால் நன்றாகக் கொதித்தாக வேண்டும். வாட்டிய இறைச்சியைப் பலகையில் போட்டு நகக்கண் அளவுக்குக் கொத்தி, அந்தப் பாகில் ஒரு புரட்டு. கீழ்வீட்டுக்காரர் பாதி இறைச்சியை மறுபடி வாணலியில் போட்டு இன்னொரு முறை முறுகவிடச் சொன்னார். அப்படிச் செய்தால் ஒரே வாயில் மென்மையும் மொறுமொறுப்பும் சேர்ந்து வருகிறது.

கிம்ச்சிக்கு, நன்றாகப் புளித்ததாக இருக்க வேண்டும். புதுக் கிம்ச்சியை வதக்கினால் வெறும் வேகவைத்த முட்டைக்கோஸ்தான் கிடைக்கும். கையால் பிழிந்து சாற்றைக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு, பொடியாக நறுக்கி, இறைச்சி வாட்டிய அதே வாணலியில் பத்து நிமிடம் வதக்குகிறேன். ஓரங்கள் பழுப்பாகி, தண்ணீர் முழுவதும் வற்றி, எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை சர்க்கரை. பிடித்து வைத்த சாறு சோற்றுக்கு. கொரியக் குட்டை அரிசியை உதிராமல் வடித்து, அந்தச் சாறும் ஒரு துண்டு வெண்ணெயும் சேர்த்துக் கிளறினால் இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொள்ளும். முன்பு ஒரு புரிட்டோவுக்கு இரண்டு கப் சோறு அடைத்தேன். இப்போது அரை கப். சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியிலிருந்து 1960களில் கிளம்பிய பெரிய புரிட்டோவில் சோறு இல்லாமல் இருக்காது. இந்த ஊரின் இறைச்சிப் புரிட்டோக்கள் பலவற்றில் சோறே கிடையாது. எனக்குச் சோறு வேண்டும், ஆனால் பசையாக மட்டும்.

ஸாம்ஜாங்கின் இடத்தில் ஒரு சல்சா. இது எனக்கு ரொம்பப் பிரியமானது. குவாஹீயோ என்கிற மெக்சிகோ மிளகாய் வற்றல் நான்கை விதை நீக்கி, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை சில நொடி மட்டும் காட்டி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைக்க வேண்டும். அதோடு ஒரு தேக்கரண்டி கோச்சுஜாங், ஒரு பல் பூண்டு, ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு, வறுத்த எள், உப்பு சேர்த்து அரைத்தால் ஆயிற்று. குவாஹீயோவின் காரம் சாது. காய்ந்த பழத்தின் வாசனை அதற்கு. கோச்சுஜாங், மிளகாய்த்தூளோடு ஒட்டரிசியும் புளித்த சோயாவும் பார்லி முளைமாவும் சேர்ந்து மண்ஜாடியில் மாதக்கணக்கில் கிடந்தது. அந்தப் புளிப்பும் ஆழமும் அதற்கு. மிக்ஸியைத் திறக்கும்போதெல்லாம், நானூறு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தோன்றும்.

இலைக்குப் பதில் ரொமெய்ன் லெட்யூஸும் நாப்பா முட்டைக்கோஸும் மெல்லிசாக அரிந்தது. கொத்தமல்லித்தழை, வெங்காயம், எலுமிச்சை. சுருட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் உப்பைச் சேர்ப்பேன், இல்லாவிட்டால் அதுவும் தண்ணீர் விட்டுவிடும்.

டோர்ட்டியாவை நான் செய்வதில்லை. வடமெக்சிகோவின் சொனோரா மாநிலத்துப் பெண்கள் கையாலேயே இழுத்து விரிக்கும், எதிர்ப்பக்கம் தெரிகிற அளவு மெல்லிசான பெரிய கோதுமை டோர்ட்டியாவுக்கு முன்னால் என் கை எம்மாத்திரம் என்பதால், பன்னிரண்டு அங்குலத்தில் கடையில் வாங்கிக்கொள்கிறேன். சூடான கல்லில் பக்கத்துக்கு இருபது நொடி போட்டு, துணியில் மூடி வைத்தால் துவண்டு கிடக்கும். ஆறிப்போன டோர்ட்டியா மடிக்கும்போதே விரிசல் விட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மாறியது அடுக்குகிற முறைதான். முன்பு நடுவில் குவிப்பேன். இப்போது எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக, நீளவாக்கில், கோடு கோடாக வைக்கிறேன். மான்டெரி ஜாக் சீஸ் துருவல் முதலில், டோர்ட்டியா சூடாக இருக்கும்போதே, ஈரம் இறங்காமல் ஒரு பூச்சு போல. அதன்மேல் சோறு ஒரு பட்டை, கிம்ச்சி ஒரு பட்டை, இறைச்சி ஒரு பட்டை, பச்சைக் காய் ஒரு பட்டை. சல்சாவை ஒரே இடத்தில் ஊற்றாமல், கரண்டி நுனியால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கோடு. எந்த இடத்தில் கடித்தாலும் எல்லாக் கோடுகளும் குறுக்கே வர வேண்டும். பக்கங்களை உள்ளே மடித்து, அடியிலிருந்து இறுக்கிச் சுருட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கடைசி வாய் பற்றி எனக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு. அடிமுனையில் வெறும் டோர்ட்டியா மடிப்புதான் மிஞ்சும். அதனால் இரண்டு முனையிலும் இறைச்சியை ஒரு விரற்கடை கூடுதலாகத் தள்ளி வைக்கிறேன்.

கத்திரிக்கோல்

ஆகஸ்டில் மறுபடி ஒன்றைக் கொண்டுபோனேன். ஹால்மோனி இரண்டு கையாலும் வாங்கி, ஃபாயிலைப் பிரித்தார். டோர்ட்டியாவைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து போய் சமையலறைக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, நடுவில் ஒரே வெட்டாக இரண்டாக்கினார். வெட்டுவாயைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் எல்லாப் பட்டைகளும் தெரிந்தன. எதுவும் ஒழுகவில்லை. ஒரு பாதியை எனக்கு நீட்டிவிட்டு மறுபாதியைக் கையில் எடுத்துக் கடித்தார். பிரிக்கவில்லை. பேரன் கல்லூரிக்குப் போய்விட்டான், மொழிபெயர்க்க ஆள் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதி போனபின், மென்றுகொண்டே, "கிம்ச்சி" என்றார். ஒரு விரலால் அந்தச் சிவப்புப் பட்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார்.

முடித்தபின் பால்கனிக்குப் போய், தொட்டிச் செடியிலிருந்து பத்துப் பெரில்லா இலைகளைக் கிள்ளிக்கொண்டு வந்தார். ஒரு இலையை விரித்துக் காட்டி, காலி ஃபாயிலில் வைத்து, அதன்மேல் சோறு வைப்பதுபோல் கையசைத்தார். உள்ளே, அடியில்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். டோர்ட்டியாவின்மேல் சீஸ், அதன்மேல் நீளத்துக்கும் ஐந்து இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி, அப்புறம் சோறு. இலையின் வாசனை ஒவ்வொரு வாயிலும் கூடவே வந்தது. சோற்று ஈரம் டோர்ட்டியாவைத் தொடவே இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும் சத்தம் கேட்டு, எடுத்து வைத்திருந்த ஒன்றைச் சுடவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தே சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். "இலை நல்ல யோசனை" என்றார். அப்புறம், "இலை இருக்கிறதே, சீஸ் எதற்கு?" என்றார்.

ஈரம் இறங்காமல் தடுக்கத்தான் சீஸை வைத்தேன். அந்த வேலையை இப்போது இலை பார்த்துக்கொள்கிறது. அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சீஸ் இல்லாமல் செய்து பார்க்கப் போகிறேன்.